செருப்பில்லாம நடக்கிறவங்ககிட்ட ரேடியோ கேட்கலாமா?

ப்ராஜெக்ட் தலைப்பு தேடுற சீசன் வந்தாச்சு. 'கனெக்டட் வெஹிக்கிள் வைத்து சந்திப்புகளில் டிராஃபிக் கட்டுப்பாடு' என்று இந்த வருஷமும் நாலு டீமாவது எழுதிக் கொடுக்கும். நல்ல தலைப்புதான். ஆனா சிமுலேஷனைத் திறக்கிறதுக்கு முன்னாடி, நம்ம அடி அண்ணாமலையை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க.

விஷயம் சுருக்கமா இதுதான். ஒவ்வொரு வண்டியும் தன் இடம், வேகம், திசை மூணையும் செகண்டுக்கு 10 தடவை ரேடியோவில் சொல்லிக்கிட்டே போகும். சந்திப்பில் இருக்கும் கருவி அதைக் கேட்டு சிக்னலை மாற்றும். 2004-இல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கர்ட் டிரெஸ்னரும் பீட்டர் ஸ்டோனும் இன்னும் ஒரு படி மேலே போனாங்க. டிரைவர் இல்லாத கார், சந்திப்பை நெருங்கும்போதே தனக்கான இடத்தையும் நேரத்தையும் ரயில் சீட் மாதிரி 'ரிசர்வ்' செய்யட்டும். சிக்னல் விளக்கே வேண்டாம் என்றார்கள்.

அழகான ஐடியா. ஆனா கேட்கிறவருக்குத்தான் இதில் வழி.

அடி அண்ணாமலை இருப்பது 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில். பௌர்ணமிக்கு மட்டுமில்ல, மற்ற நாளிலும் ஜனங்க நடக்கிறாங்க. பலர் காலில் செருப்புகூட இருக்காது. அதே ரோட்டில்தான் ஊர்க்காரங்க பைக்கும் ஆட்டோவும். ரோட்டைக் கடக்கும் ஒரு பாட்டி எந்த மெசேஜும் அனுப்பப் போறதில்லை. கம்ப்யூட்டர் கணக்கில் அவங்க நிற்கிற இடம் காலி இடம்.

"எல்லார்கிட்டயும் போன் இருக்கே"ன்னு கேட்பீங்க. போன் ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளிக் காட்டும். ஓரத்தில் நிற்பவருக்கும் ரோட்டில் இறங்கினவருக்கும் வித்தியாசமே ஒரு மீட்டர்தான்.

அப்போ இந்த டெக்னாலஜி வேண்டாமா? வேணும், வரிசைதான் மாறணும். நடக்கிறவர் ஒருத்தர் மயங்கி விழுந்தா, ஆம்புலன்ஸ் இந்தக் கூட்டத்தைத் தாண்டித்தான் வரணும். அதனால முதலில் ஆம்புலன்ஸ், அடுத்து பஸ். 2019 முதல் பதிவாகும் புதிய பஸ்களில் இருப்பிடம் சொல்லும் கருவி ஏற்கனவே கட்டாயம். அது சர்வரோடு பேசுது; சந்திப்போடும் பேச வைக்கிறது நம்ம வேலை. நடக்கிறவங்க எதையும் சுமக்க வேண்டாம், கேமராவோ ரேடாரோ அவங்களைப் பார்க்கட்டும். மெசேஜ் வராத இடத்தை 'காலி' என்று எடுக்காம, 'ஆள் இருக்கலாம்' என்று எடுக்கிற மாதிரி கோடு எழுதுங்க.

கடைசியா ஒண்ணு. வண்டிகளின் சராசரி தாமதம் குறைஞ்சதுன்னு எல்லாரும் கிராஃப் போடுவோம். அதே கிராஃபில், நடந்து வந்தவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதற்கும் ஒரு கோடு போடுங்க. வைவாவில் யாரும் கேட்காவிட்டாலும் போடுங்க.