உறுதியில் யார் பேர்?

தோட்டத்தில் "பேர்" என்றால் ஒரு நாள் சம்பளம். சொன்ன கிலோ எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். காலையில் பிரட்டுக்குப் போகும் ஒவ்வொரு சகோதரியும் அன்று தனக்குப் பேர் விழுந்ததா என்று கவனமாகப் பார்ப்பார். அரைப் பேர் போட்ட கணக்கப்பிள்ளையை மடக்கிக் கேள்வி கேட்டவர்கள் நம் கூட்டங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் குடியிருக்கும் வீட்டுக்கோ, தரப்போவதாகச் சொல்லும் காணிக்கோ யார் பேரில் உறுதி எழுதப்படும் என்று கேட்டால், "அவங்க பேருலதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். இந்த முறை அதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

நான் மலையகத்தில் பிறந்தவள் அல்ல. கல்முனைக் கரையில், நெல் விதைக்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் வளர்ந்தவள். சங்கத்தின் மாதர் பிரிவு வேலையாக லயங்களுக்கு வந்துபோகும்போது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருபவர் என் மூத்தம்மா. எங்கள் பக்கத்தில் அம்மாவின் அம்மாவை மூத்தம்மா என்போம்; உங்கள் அம்மாயி மாதிரி. அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒன்றரை ஏக்கர் வயலுக்கும் வீடிருந்த சிறு வளவுக்கும் அவர் பேரில் உறுதி இருந்தது.

எங்கள் ஊர் வழக்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று அம்பாறை மாவட்டத்தின் கரையோரமாக எங்கள் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஒடுங்கிய மணல் நிலத்தில் நெருக்கமாக வீடுகள். வயல்வெளியை வட்டை என்போம். நெல் விதைப்பதையே வேளாண்மை என்போம். இந்தக் கரையில் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் ஒரு பழைய நடைமுறை உண்டு. கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருவார். வீட்டைப் பெற்றோர் மகளுக்கு எழுதிக் கொடுப்பார்கள்; வசதி இருந்தால் வயலும் சேரும். குடி என்று சொல்லும் வம்சக் கணக்கும் தாய்வழியில்தான் போகும். மூத்தம்மாவின் வயல் அவருடைய உம்மாவிடமிருந்து அப்படி வந்ததுதான்.

அந்த வயலை வைத்து அவர் சுகமாக இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்போகத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில் விதைப்பார்கள். உழவும் விதைப்பும் வரம்பு கட்டுவதும் ஆண்களின் வேலை. முளைத்த பிறகு புல்லுப் பிடுங்குவது, குருவிக்குக் காவல் இருப்பது, அறுத்து முடிந்த வயலில் கதிர் பொறுக்குவது எல்லாம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும். விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் மூத்தம்மா முக்காட்டை இறுக்கிக்கொண்டு வட்டைக்குப் போவார். பழஞ்சோற்று வாளியோடு நாங்கள் பின்னால் போவோம். வெயில் ஏறத் திரும்பி வந்து கோழிக்கும் ஆட்டுக்கும் தீனி வைப்பார், பிறகு சமைப்பார், பின்னேரம் பாய் இழைப்பார். களவெட்டியிலிருந்து நெல் வீட்டுக்கு வந்ததும் வேறு வேலை தொடங்கும். ஊறவைக்க வேண்டும், அவிக்க வேண்டும், பாயில் பரப்பிக் காயவைக்க வேண்டும், மழை இருட்டினால் ஓடி அள்ள வேண்டும். விதைநெல், சாப்பாட்டு நெல், ஏழைகளுக்குக் கொடுக்கும் சக்காத் நெல் என்று மரக்காலால் அளந்து தனித்தனியாக வைப்பார்.

இதற்கெல்லாம் அவருக்குக் கூலி கிடையாது. "வேளாண்மை செய்பவர் யார்?" என்று யாராவது கேட்டால் ஊரில் மூத்தாப்பாவின் பேரைத்தான் சொல்வார்கள். வெள்ளம் வந்த வருஷம் மரவள்ளிக் கிழங்குதான் சாப்பாடு. சேற்றுப்புண் ஆறாத கால், நிமிர முடியாத இடுப்பு. கொழுந்துக் கூடை சுமக்கும் உங்களுக்கு இந்த வலியை நான் விளக்க வேண்டியதில்லை.

உறுதியால் அவருக்கு என்ன கிடைத்தது? எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு போகம் தொடர்ந்து பிழைத்துவிட்டது. கடை ஒன்று போடலாம் என்று மூத்தாப்பாவுக்கு யாரோ ஆசை காட்டியிருந்தார்கள். வயலை ஈடு வைத்துப் பணம் எடுக்க எல்லாம் பேசி முடித்து, பத்திரத்தோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மூத்தம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். பிறகு கதவுக்குப் பின்னால் நின்றபடி, "இது என்ட உம்மா தந்த பூமி. என்ட புள்ளைக்குப் போகோணும். நான் கைநாட்டு வைக்கமாட்டன்" என்றார். வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். மூத்தாப்பா நாலைந்து நாள் அவரோடு பேசவில்லை. வயல் மிஞ்சியது. மூத்தாப்பா மௌத்தான பிறகு அதைக் குத்தகைக்குக் கொடுத்து, வந்த நெல்லில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. யார் வீட்டுக்கும் போய் அவர் கைநீட்டவில்லை.

எங்கள் வழக்கத்தில் குறை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இதுதான் சீதனம் என்ற பேரில் பெற்றோரின் கழுத்தை நெரிக்கிறது. மகளுக்கு வீடு கட்டுவதற்காக மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போய், மகள் வளர்ந்ததைக் கண்ணால் காணாத தாய்மார் எங்கள் ஊர்களில் பலர். மலையகத்திலிருந்தும் அப்படிப் போனவர்கள் உண்டு. அந்தக் கஷ்டம் உங்களுக்கும் தெரியும். சீதனத்தை நீங்களும் பழகுங்கள் என்று யாரும் சொல்லக்கூடாது. பெண்ணின் பேரில் காணி இருந்தால் குடும்பம் நிலைக்கும் என்ற ஒன்றை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

எழுத்தறிவில்லாத கிழவிகள் காப்பாற்றிய அந்த உரிமையை அரசாங்கத்தின் பத்திரங்கள் பலமுறை தவறவிட்டன. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளம் கட்டிக் குடியேற்றங்கள் அமைத்தார்கள். இப்படியான குடியேற்றக் காணிகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி. பத்திரம் பெரும்பாலும் ஆணின் பேரில்தான் எழுதப்பட்டது. அவர் வாரிசைக் குறிப்பிடாமல் இறந்தால், சட்டத்தின் அட்டவணையில் மகளுக்கு முன்னால் மகன் நின்றான். மனைவிக்கு உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை மட்டும். மறுமணம் செய்தால் அதுவும் போகும். இந்த ஆண்-பெண் வேறுபாட்டை நீக்கிச் சட்டம் திருத்தப்பட்டது 2022இல்தான். இடையில் 87 வருஷம்.

பிறகு சுனாமி. 2004 டிசம்பர் 26ஆம் திகதி அம்பாறைக் கரையில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. வீடு போனது, உறுதி வைத்திருந்த பெட்டியும் போனது. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். பல குடும்பங்களுக்கு வேறு இடத்தில் காணியும் வீடும் கொடுத்தார்கள். படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்று ஒரு வரி இருந்தது. அதில் கணவனின் பேரை எழுதினார்கள். இப்படித் தாய் தந்த வீட்டுக்குச் சொந்தக்காரியாக இருந்த பல பெண்கள், புதிய வீட்டில் கணவனின் வீட்டில் இருப்பவர்கள் ஆனார்கள். கெட்ட எண்ணத்தோடு யாரும் அதைச் செய்திருக்க வேண்டியதில்லை. படிவம் அப்படி அச்சடிக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். பெண்கள் அமைப்புகள் கேள்வி எழுப்பியபோது பத்திரங்கள் பல கைமாறி முடிந்திருந்தன.

மலையகத்துக்கு இதில் பாடம் இருக்கிறது. உங்களுக்கு அந்தப் படிவம் இனிமேல்தான் வரப்போகிறது.

தோட்டங்களை அரசு 1972இலும் 1975இலும் சுவீகரித்தது. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளுக்குக் கொடுத்தது. துரைமார் மாறினார்கள், லயம் மாறவில்லை. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் போடாவிட்டால் லயத்து அறை போய்விடுமோ என்ற பயமும் மாறவில்லை. மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 வருஷம் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தோம். இப்போது 7 பேர்ச்சஸ் என்றும் 10 பேர்ச்சஸ் என்றும் பேச்சு நடக்கிறது. இந்திய உதவி வீடுகளும் சில இடங்களில் எழுந்திருக்கின்றன. வீட்டுக்குக் குடிபோயும் உறுதி கைக்கு வராத குடும்பங்கள் இருக்கின்றன. 2014இல் மீரியபெத்தையில் மலை சரிந்த பிறகு, பாதுகாப்பான இடத்தில் காணி வேண்டும் என்ற கோரிக்கையை யாரும் சலுகையாகப் பார்க்க முடியாது.

கணக்கையும் பாருங்கள். ஒரு ஏக்கர் 160 பேர்ச்சஸ். மூத்தம்மாவின் வயல் மட்டும் 240 பேர்ச்சஸ். அதை ஊரில் சின்ன வயல் என்றுதான் சொன்னார்கள். 7 பேர்ச்சஸில் வீட்டைக் கட்டிய பிறகு பசுமாடு கட்டவோ மரக்கறிப் பாத்தி போடவோ எவ்வளவு இடம் மிஞ்சும்?

இதைப் பேசும்போது இரண்டு மறுப்புகள் வழக்கமாக வருகின்றன.

ஒன்று, "முதலில் சம்பளம், காணி பிறகு" என்பது. சம்பளப் போராட்டத்தை விடச் சொல்லவில்லை. அறுவடை நாளில் நெல் விலை விழும், வியாபாரி லொறியோடு வந்து நிற்பார். சாப்பாட்டு நெல் வீட்டில் இருந்ததால் மூத்தம்மா "இப்ப விக்க ஏலா" என்று திருப்பி அனுப்புவார். வேலைநிறுத்தமும் அப்படித்தான். வளவில் கிழங்கும் கீரையும், தொழுவத்தில் பசுவும் இருக்கிற குடும்பம் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும், கடைக் கடனில் அரிசி வாங்கும் குடும்பம் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? வீடு கம்பனியின் கையில் இருக்கும்வரை பேரம் பேசும்போது நம் குரல் தாழ்ந்துதான் இருக்கும்.

மற்றது, "பெண் பேரில் எழுதினால் குடும்பத்தில் சண்டை வரும்" என்பது. ஆண் தோழர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். நாம் கேட்பது இருவர் பேரும் உள்ள கூட்டு உறுதி. இருவரும் கையெழுத்து வைக்காமல் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. சாராயக் கடனுக்குக் கணவன் தனியாக அடகு வைக்க முடியாது. நுண்கடன்காரர் வாசலில் நின்று மிரட்டினாலும் மனைவி தனியாக எழுதிக் கொடுக்க முடியாது. இது இருவருக்கும் பாதுகாப்பு. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் 1984இல்தான் வந்தது. அதற்கு முன்னும் அது நடக்காது என்றவர்கள் இருந்தார்கள். இன்று எந்த வீட்டிலும் அதனால் சண்டை இல்லை.

ஆகவே சங்கம் செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. காணி, வீடு பற்றிய எல்லாப் பேச்சுவார்த்தைகளிலும் கூட்டு உறுதியைக் கோரிக்கையாக வைக்க வேண்டும். "குடும்பத் தலைவர்" என்ற ஒற்றை வரியை நீக்கி, கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனி வரி கேட்க வேண்டும். கணவனை இழந்தவர்கள், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் பட்டியலிலிருந்து விடுபடக்கூடாது. அவர்கள் பேரில் முழு உறுதி வேண்டும். வீட்டோடு பயிரிடவும் இடம் கேட்க வேண்டும். காணி பற்றிப் பேசப் போகும் குழுவில் பெண்களும் இருக்க வேண்டும்.

சகோதரிகள் இன்றே செய்யக்கூடியதும் உண்டு. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, விவாகப் பதிவு மூன்றிலும் உங்கள் பேர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே திருத்துங்கள். பிரதி எடுத்துப் பத்திரமாக வையுங்கள். தோட்டத்தில் வீட்டுப் பட்டியல் எடுக்க வந்தால் யார் பேரை எழுதுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். வாசித்துக் காட்டாத எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் தோட்டத் தலைவரிடமோ மாதர் பிரிவிடமோ கேளுங்கள். வாசிக்கத் தெரியாது என்பது வெட்கம் அல்ல. வாசித்துக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை.

நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கி அரைப் பேருக்காக வாதாடத் தெரிந்த நமக்கு, காணி உறுதியில் முழுப் பேர் கேட்கவும் தெரியும். அடுத்த தோட்டக் கூட்டத்தில் இந்தக் கேள்வியைப் பெண்களே எழுந்து கேட்க வேண்டும்.