பேத்திக்கு ஒரு பேத்தை

நான் ரிட்டயர் ஆனதற்கு மாப்பிள்ளை ஒரு தூண்டில் வாங்கிக் கொடுத்தார். நம்மூர் மூங்கில் குச்சி இல்லை. ஒன்பதடிக் கோல், ரீல், ஈயக் குண்டு என்று சகல மரியாதைகளுடன். "பெசன்ட் நகர் பீச்சுல நின்னு வீசுங்க மாமா, மனசுக்கு நிம்மதி" என்றார். யார் மனசுக்கு என்று சொல்லவில்லை. என் மனைவி ஆமோதித்த வேகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

மூன்று வாரம் விடியற்காலையில் போனேன். பிடிபட்டவை: பிளாஸ்டிக் பை இரண்டு, செருப்பு ஒன்று (இடது கால்). ஆறு வயசுப் பேத்தி மட்டும் நம்பிக்கை இழக்கவில்லை. தாத்தா பிடிக்கிற மீனைத்தான் சாப்பிடப் போவதாக ஸ்கூல் பூராவும் சொல்லி வைத்திருந்தாள்.

நாலாவது வாரம், பக்கத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த ஊரூர் குப்பத்துப் பெரியவர் ஒருவர் என் வீச்சைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா சார், அந்தமானுக்கா வீசறே? மீனு உன் காலாண்ட கீது."

நிஜம்தான். அலை உடைகிற இடத்துக்கும் கரைக்கும் நடுவில் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். அலை கிளறிவிடும் புழு பூச்சியைத் தின்ன மீன் அங்கே வரும். இறால் துண்டை அதில் போட்டேன். பத்தாவது நிமிஷம் நைலான் நரம்பு துடித்தது. ஒரு சாண் நீளம், வெள்ளி உடம்பு, கூர் மூஞ்சி.

"நெத்திலி!" என்று கத்தினேன்.

"நெத்திலி இம்மாம் பெர்சா இருந்தா நான் ஏன் சார் வலை தைக்கிறேன்? கிழங்கான் அது."

கிழங்கான் வலை வருவது தெரிந்தால் மணலுக்குள் புதைந்துகொள்ளுமாம். கடன் கொடுத்தவரைப் பார்த்தால் நானும் அப்படிச் செய்ய ஆசைப்பட்டதுண்டு.

அடுத்தது மீசை வைத்த கெளுத்தி. பிடிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார் பெரியவர். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முள், மூன்றிலும் விஷம். குத்தினால் பொறுக்கிற சூட்டு வெந்நீரில் கையை வைத்துவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். இத்தனை முரட்டு மீனில் அப்பாதான் முட்டைகளை வாய்க்குள் வைத்து அடைகாக்கிறது. வாயைத் திறக்காத புருஷர்கள் நம் ஜாதியில் மட்டும் இல்லை!

மூன்றாவது மீன்தான் அழகு. கொழுகொழு உடம்பு, பெரிய கண், முயல் பல். கையில் எடுத்ததும் பந்து மாதிரி உப்பியது. மீசையும் கிடையாது, குத்துகிற முள்ளும் கிடையாது. சந்தோஷமாகப் பைக்குள் போட்டேன்.

"பேத்தை சார் அது."

"ஆமாம், பேத்திக்குத்தான்."

"பேத்தி இல்ல சார், பேத்தை!"

"அதான் சொல்றேனே. ஆறு வயசு, மீன்னா உசிரு."

பெரியவர் எழுந்து வந்தார். பையிலிருந்து அதை எடுத்துக் கடலில் வீசினார். சிரிக்கவில்லை.

"துன்னா வெசம் சார். கொயந்தைக்கா குடுக்க இருந்தே?"

மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

பிற்பாடு படித்தேன். பேத்தையின் ஈரலிலும் முட்டையிலும், பல வகைகளில் தோலிலும் டெட்ரோடோடாக்ஸின் என்ற விஷம் இருக்கிறது. வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் போகாது. மாற்று மருந்தும் இல்லை. உதடு மரத்து, கை கால் செயலிழந்து, மூச்சு நின்றுவிடும். ஜப்பானில் இதைச் சமைக்க லைசென்ஸ் வேண்டும்.

1774 செப்டம்பரில், பசிபிக் கடலின் நியூ கலிடோனியா தீவில், கேப்டன் குக்குக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு இந்த மாதிரி ஒரு மீன் வந்தது. புது மீனாக இருக்கிறதே என்று அதைப் படம் வரைந்து குறிப்பெழுதியதில் நேரமாகிவிட்டது. ஈரலையும் முட்டையையும் மட்டும் சமைத்து, குக்கும் கூட இருந்த இரண்டு பேரும் ருசி மட்டும் பார்த்தார்கள். விடியும் முன்பே கை கால் மரத்துவிட்டது. குடலைத் தின்ற பன்றி செத்தே போனது. இது என்ன மீன் என்று பார்க்கச் செலவழித்த நேரம், குக்கை முழுச் சாப்பாட்டிலிருந்து காப்பாற்றியது.

என்னைக் காப்பாற்றியவர் புத்தகம் எதுவும் எழுதவில்லை. அவர் சொன்ன பாடம் இரண்டே வரி: "வாயப் பாரு, முள்ளப் பாரு, வயித்தப் பாரு. பேரு தெரியாத மீனு கடலுக்கே."

அன்றைக்குப் பள்ளத்தில் இன்னும் இரண்டு கிழங்கான் கிடைத்தது. மனைவி வறுத்தாள். முள் எடுத்துப் பேத்தி வாயருகே கொண்டு போனேன். வாயைத் திறக்கவில்லை அவள்.

"மொதல்ல இதுக்குப் பேர் என்ன தாத்தா?"

ஆறு வயசுக்குத் தெரிந்தது எனக்கு அறுபதில் தெரியவில்லை. "கிழங்கான்" என்றேன் பெருமையாக.

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "எந்தக் கடையில வாங்கினீங்க?"