கையிலிருக்கும் நிஃமத்

மீலாத் விழா நெருங்கினால் ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டுக் கணினியில் கீதம் பதிவு செய்வதுண்டு. பதிவு தெளிவில்லையென்று புது மென்பொருள் கேட்டால் உடனே காசை எடுக்காதீர்கள். இருப்பதை முதலில் கற்கட்டும்.

பலரிடமும் உள்ள ‘ஒடாசிட்டி’ 2000ஆம் ஆண்டு வெளிவந்தது, இன்றும் இலவசம். இரைச்சலைக் குறைக்கும் வசதி அதிலேயே உண்டு. பாடுமுன் சில விநாடி மௌனமாகப் பதிய வேண்டும். அந்தப் பகுதியை இரைச்சலின் மாதிரியாகக் காட்டிவிட்டு, முழுக் கீதத்தையும் தெரிவுசெய்து குறைத்தால் பிரிஜ்ஜின் ரீங்காரம் அடங்கும். அளவு மீறினால் பிள்ளையின் குரலே கெடும்.

தகரக் கூரையில் விழும் மழைச் சத்தம் இதற்கு முழுதாக அடங்காது. மழை விடும்வரை பொறுங்கள். சுவரில் கம்பளியைத் தொங்கவிட்டால் எதிரொலி குறையும். இவ்வளவும் செய்து பார்க்காமல் புதிது வாங்குவது வீண்விரயமல்லவா?