புலமையை விலக்கிவிட்டு கெரிக்கைப் பேச முடியாது

ஹெர்பர்ட் கெரிக் ஓர் இசையறிஞர், நாஜி அரசியல் காலம் அவர்மேல் சுமத்திய பாரம், இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறார் அவரைப் பற்றி எழுதிய கட்டுரையாளர். ஏற்க முடியாது.

கெரிக் நாஜிக் கட்சியில் சேர்ந்தது 1932இல். ஹிட்லர் அப்போது ஆட்சியிலேயே இல்லை. யாரும் அவரை மிரட்டிச் சேர்க்கவில்லை. அதே ஆண்டில் வந்த இசையமைப்பாளர் வெர்டியைப் பற்றிய அவருடைய நூல் நல்ல நூலாகவே இருக்கட்டும். பேச வேண்டியது, 1940இல் தியோ ஸ்டெங்கலோடு சேர்ந்து அவர் வெளியிட்ட யூத இசைக்கலைஞர் அகராதியைப் பற்றி. பெயர், பிறந்த தேதி, ஊர், தொழில். வானொலி நிலையத்திலோ இசையரங்கிலோ இருக்கும் அதிகாரி புரட்டிப் பார்த்து ஆளை விலக்குவதற்கான பட்டியல் அது. எப்போதோ இறந்துபோன இசையமைப்பாளர் மெண்டல்சனுக்கு அதனால் என்ன ஆகிவிடும்? அதே பட்டியலில் இருந்த, வெளியுலகம் அறியாத பியானோ ஆசிரியைகளுக்குத்தான் ஆபத்து.

போர்க்காலத்தில் பாரிசுக்கு அருகே ஹார்ப்சிகார்ட் கலைஞர் வாண்டா லாண்டோவ்ஸ்காவின் வீட்டிலிருந்து இசைக்கருவிகளையும் நூல்களையும் அள்ளிச் சென்றதும் கெரிக் தலைமையிலான நாஜித் தனிக்குழுதான். எந்த ஹார்ப்சிகார்ட் அரியது, எந்தச் சுவடி விலைமதிப்பற்றது என்று சிப்பாய்க்குத் தெரியாது. அதற்கு இசை படித்தவர் வேண்டும். அந்தக் கொள்ளைக்குக் கருவியே அவருடைய புலமைதான். பிறகு எதை எதிலிருந்து பிரிப்பது?

போருக்குப் பின் டோர்ட்முண்டில் நாளிதழ் ஒன்றின் இசை விமர்சகராக இருந்தார். 1996இல்தான் இறந்தார். அவருடைய அகராதியில் இருந்தவர்களில் பலர் வதைமுகாம்களில் கொல்லப்பட்டார்கள். கட்டுரையாளர் அவர்களில் ஒருவரின் பெயரைக்கூடச் சொல்லவில்லை.