திரையை அணைத்தபின் நூறு ரூபாய்

அண்மையில் நம் வங்கியின் பயிற்சி மையத்தில் இணைய அணுகல்தன்மை குறித்து நடைபெற்ற இருநாள் பயிலரங்கில் பங்கேற்றேன். அழைப்பு வந்தபோது, இது கணினித் துறையினருக்கு உரியது, கிளையில் பணிபுரியும் வணிகவியல் பட்டதாரிக்கு இதில் என்ன வேலை என்றுதான் எண்ணினேன். முதல் நாள் முற்பகலிலேயே அவ்வெண்ணம் மாறிவிட்டது.

பயிற்றுநர் பார்வையற்றவர். எங்கள் கணினித் திரைகளை அணைக்கவும் மவுஸை அகற்றவும் சொன்னார். ஹெட்ஃபோன் வழியே ‘என்விடிஏ’ என்னும் திரைவாசிப்பு மென்பொருளின் குரல் மட்டும் ஒலித்தது. பார்வையற்ற ஆஸ்திரேலியர் ஒருவர் 2006ஆம் ஆண்டு உருவாக்கத் தொடங்கி, இன்றும் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் அது. பயிற்சிக்கென அமைத்த மாதிரிப் பக்கத்தில் 100 ரூபாயை மற்றொரு கணக்கிற்கு அனுப்ப வேண்டும். அவ்வளவே எங்களுக்கு இட்ட பணி.

டேப் விசையை அழுத்த அழுத்த, “பட்டன்... பட்டன்... பட்டன்” என்றே குரல் சொல்லிக்கொண்டிருந்தது. எது பணத்தை அனுப்பும், எது ரத்து செய்யும் என்று அறிய வழியில்லை. அவற்றில் அழகிய படங்கள் இருந்தனவாம். படங்களுக்குப் பெயரிட மறந்திருந்தார்கள். ஒருவழியாகத் தொகையை உள்ளிட்டபின், படத்தில் தெரியும் எழுத்துகளைத் தட்டச்சு செய்யுமாறு கேப்ச்சா கேட்டது. அதற்கு ஒலிவடிவம் இல்லை. நான் திகைத்திருக்கையில் நேரம் முடிந்து, பக்கம் என்னை வெளியேற்றிவிட்டது. 20 ஆண்டுகளாக வங்கியில் பணிபுரிந்தும் என்னால் 100 ரூபாயை அனுப்ப இயலவில்லை.

“இனி என்ன செய்வீர்கள்?” என்று பயிற்றுநர் கேட்டார். அருகிலிருப்பவரை உதவிக்கு அழைப்பேன் என்றேன். “கடவுச்சொல்லையும் ஓடிபியையும் அவரிடம் சொல்வீர்களா?” என்றார். அரங்கில் எவரும் பேசவில்லை.

ஓடிபியை எவரிடமும் பகிராதீர்கள் என்று குறுஞ்செய்தியிலும் சுவரொட்டியிலும் வங்கிகள் ஓயாமல் எச்சரிக்கின்றன. பார்வையற்ற வாடிக்கையாளரோ அதை மகனிடமோ அண்டை வீட்டாரிடமோ சொன்னாலன்றிப் பணம் அனுப்ப இயலாத பக்கங்களையும் நாமே அமைத்துவைக்கிறோம். கணக்கின் இரகசியத்தைக் காப்பது வங்கித் தொழிலின் முதற்கடமை. ஆகவே பெயரில்லாத ஒரு பட்டனையும் பாதுகாப்புக் குறைபாடாகப் பதிவு செய்து, அதே அவசரத்துடன் சரிசெய்ய வேண்டும் என்பது என் கருத்து. கருணைப் பணிகளின் பட்டியலில் இதைச் சேர்த்தால் அது என்றைக்கும் கடைசி வரிசையில்தான் நிற்கும்.

இத்தகைய வாடிக்கையாளர் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள் என்று தேநீர் இடைவேளையில் நண்பர் ஒருவர் கேட்டார். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2.68 கோடிப் பேர். அவர்களுள் பார்வைக் குறைபாடுடையோர் சுமார் 50 லட்சம். நுழையவே முடியாத பக்கத்தின் பயனர் பட்டியலில் அவர்களைத் தேடினால் எப்படிக் கிடைப்பார்கள்? கண்புரை வந்த, கை நடுங்கும் ஓய்வூதியர்களில் பலர் இந்தக் கணக்கில் சேரவும் மாட்டார்கள்.

சட்டமும் தெளிவாகவே உள்ளது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், இணையச் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. அமில வீச்சால் முகம் சிதைந்தவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை. கேஒய்சி சரிபார்ப்பில் கண்ணைச் சிமிட்டச் சொன்னால், சிமிட்ட முடியாதவர் என்ன செய்வார்?

பாதுகாப்பைத் தளர்த்தாமல் இதெல்லாம் இயலுமா என்ற ஐயம் நியாயமானதே. டபிள்யூசிஏஜி எனப்படும் பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் காலவரம்பை அடியோடு நீக்கச் சொல்லவில்லை. நேரம் முடியுமுன் எச்சரித்து, எளிய ஒரு செயலால் அதை நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 நொடி தருவதும் அவை ஏற்கும் வழிகளுள் ஒன்று. பட்டனுக்குப் பெயரிடுவதும் பெரிய வேலையன்று. புதிய செயலியை வெளியிடுமுன் பார்வையற்றவர் கையில் கொடுத்துச் சோதிக்கும் வழக்கத்தை நிலைநிறுத்துவதுதான் கடினம். அவ்வழக்கம் இல்லாவிடில், ஒவ்வொரு புதுப்பிப்பிலும் பழைய பிழை திரும்பி வரும்.

திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் வாடிக்கையாளர்கள், எந்தப் பக்கத்தில் எந்த இடத்தில் தடை ஏற்படுகிறது என்று குறிப்பிட்டு எழுத வேண்டுகிறேன். ‘செயலி வேலை செய்யவில்லை’ என்று மட்டும் வரும் புகாரை எவரிடம் அனுப்புவதென்றே கிளையில் எங்களுக்குத் தெரிவதில்லை.

கிளைக்குத் திரும்பியதும் ஒன்றைக் கவனித்தேன். வைப்புநிதி வட்டி விகித அறிவிப்பை இதுவரை ஸ்கேன் செய்து, படமாகவே வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவந்திருக்கிறோம். அன்று மாலை அமர்ந்து அதை முழுவதும் எழுத்தாகத் தட்டச்சு செய்து அனுப்பினேன். அரை மணி நேரம் ஆயிற்று.