ஜீவனாம்சத்துக்கு ஜாமீன் வேண்டும்

ஒரு பெண்ணுக்கும் அவள் குழந்தைகளுக்கும் மாதாமாதம் இன்ன தொகை ஜீவனாம்சமாகக் கொடுக்கவேண்டும் என்று நீதிமன்றம் விதிக்கும் உத்தரவு, அதைக் கொடுக்கவேண்டியவன் உயிரோடும் தேக பலத்தோடும் சம்பாத்தியத்தோடும் இருக்கும் வரையில்தான் உத்தரவு. அவன் ஒரு நாள் லாரி மோதி மாண்டுபோனால், சொத்தின்மீது ஏற்றப்படாத அந்த உத்தரவைக் கொண்டு ஒரு படி அரிசி வாங்க முடியாது. விவாகரத்தான மனைவி சட்டத்தின் கண்ணில் விதவையல்லள். ஆகையால் அவனுடைய வாரிசுகளின் வரிசையில் அவளுக்கு இடமில்லை. குழந்தைகள் வாரிசுகள்தாம்; ஆனால் தகப்பன் விட்டுப்போனது ஒன்றுமில்லையென்றால் அந்த வாரிசுரிமையால் அவர்களுக்கு ஒரு வேளைச் சோறும் கிடைக்காது. ஜீவனாம்சம் விதிக்கும் ஒவ்வோர் உத்தரவோடும், அதைக் கொடுக்கவேண்டியவனுடைய ஆயுளின்மீது ஓர் இன்ஷூரன்ஸ் பாலிசி ஜாமீனாக இணைக்கப்பட வேண்டும் என்பதும், அதற்கு இசைவாகச் சட்டம் திருத்தப்பட வேண்டும் என்பதும் நம்முடைய கட்சி.

இந்தக் கோரிக்கை தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்கு முற்றிலும் புதிய விஷயமாகத் தோன்றவேண்டியதில்லை. ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம், ஏரல் வட்டாரத்து நன்செய்க் குடும்பங்களில் விதவையான மருமகளுக்கோ, கணவனோடு வாழ இயலாமல் தாய்வீடு திரும்பிய மகளுக்கோ ஜீவனாம்சம் ஏற்படுத்திய பெரியவர்கள், கொடுப்பவனுடைய வாய்ச்சொல்லை மட்டும் நம்பினார்களில்லை. இன்ன வயலில் காரிலும் பிசானத்திலும் விளைவதில் இத்தனை கோட்டை நெல் அவளுக்குச் சேரவேண்டும் என்றோ, அந்த வயலின் மகசூலையே அவள் ஆயுள் உள்ளவரை அனுபவித்துக்கொள்ளலாம் என்றோ எழுதிவைத்தார்கள். கொடுக்கவேண்டியவன் இறந்தாலும் ஊரை விட்டுப் போனாலும் வயல் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆற்றில் தண்ணீர் வரும் வரையில் அந்தப் பெண்ணுக்கும் சோறு இருந்தது. அவ்வாறு பெற்ற நிலத்தை விற்கவோ தானம் செய்யவோ அவளுக்கு அதிகாரமில்லாதிருந்த குறையையும் 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு நீக்கியது. ஜீவனாம்சத்துக்காகக் கிடைத்த சொத்து பெண்ணுக்குப் பூரண சொத்தே என்று 1977-இல் துளசம்மா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது.

1955-ஆம் வருஷத்து இந்து விவாகச் சட்டத்தை இயற்றியவர்களும் இதே நியாயத்தைத்தான் மனத்தில் கொண்டிருந்தார்கள். நிரந்தர ஜீவனாம்சத்தைப் பற்றிய அதன் 25-ஆவது பிரிவு, அவசியமானால் எதிர்க்கட்சிக்காரரின் ஸ்தாவர சொத்தின்மீது அந்தத் தொகையைப் பாரமாக ஏற்றலாம் என்று நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. அக்காலத்துக்கு அது போதுமானதாகவே இருந்தது. ஆனால் இந்த எழுபது வருஷங்களில் நம் பள்ளத்தாக்கின் வாழ்க்கை எவ்வளவு மாறிவிட்டது! வயல்கள் பாகம் பிரிந்து துண்டுகளாயின. பலருக்கு வயலே இல்லை. இந்த ஊர்ப் பிள்ளைகள் சென்னையில் மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள், மும்பையில் தாராவியில் குடியிருக்கிறார்கள், வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கிறார்கள், லாரி ஓட்டுகிறார்கள், கம்பெனிகளில் மாதச் சம்பளம் வாங்குகிறார்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு உள்ள ஒரே ஆஸ்தி அவர்களுடைய உடலும் உழைப்புமே. பாரம் ஏற்ற ஸ்தாவர சொத்தைத் தேடுகிற சட்டம், அப்படி ஒன்று இல்லாத இடத்தில் வெறுங்கையோடு திரும்பிவிடுகிறது. சொத்து உடலும் உழைப்புமாக மாறிவிட்ட காலத்தில் ஜாமீனும் அந்த உடலின்மீதே எழுதப்பட வேண்டும் என்பதைத் தவிர வேறு என்ன முடிவுக்கு வரமுடியும்?

ஜீவனாம்ச உத்தரவு பெறுவதற்கே ஒரு பெண் படுகிற பாட்டை அறிந்தவர்கள் இந்த ஜாமீனின் அவசியத்தை எளிதில் உணர்வார்கள். ஆழ்வார்திருநகரியிலிருந்து ஆற்றைக் கடந்து ஸ்ரீவைகுண்டத்துக்கும், அங்கிருந்து தூத்துக்குடிக்கும் வாய்தா வாய்தாவாக நடந்து, பஸ் கட்டணத்துக்கும் வக்கீல் குமாஸ்தாவுக்கும் நகையை அடகு வைத்து, கடைசியில் எம்.சி. என்னும் ஜீவனாம்சக் கேஸில் ஓர் உத்தரவு வாங்கிவிட்டாலும், பணம் வராத மாதத்துக்கு மறுபடியும் மனுப் போடவேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு, இப்பொழுது பாரதிய நாகரிக் சுரட்சா சன்ஹிதையின் 144-ஆவது பிரிவாக 2024 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. அதன்படி, பாக்கிக்காக வாரண்டு கேட்பவள் அந்தப் பாக்கி விழுந்த ஒரு வருஷத்துக்குள் கேட்கவேண்டும், ஒவ்வொரு மாதத்துப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரையில் சிறைவாசம் விதிக்கலாம். மாதம் 500 ரூபாய்க்கு மேல் விதிக்கக்கூடாது என்றிருந்த அவமானகரமான உச்சவரம்பு 2001-இல்தான் எடுபட்டது. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் - நேகா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, இரு தரப்பாரும் தங்கள் வரவு செலவையும் ஆஸ்தி கடன்களையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யவேண்டும் என்றும், மனுச் செய்த தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிடப்பட வேண்டும் என்றும் வகுத்தது. இவை யாவும் போற்றத்தக்க முன்னேற்றங்கள். எனினும், உயிரோடிருக்கும் கணவன் கொடுக்காமல் ஏய்ப்பதைப் பற்றியே இவை எல்லாம் கவலைப்பட்டன. கொடுத்துக்கொண்டிருந்தவன் இறந்துபோவதைப் பற்றி எவரும் யோசிக்கவில்லை.

அதைவிட வருந்தத்தக்க ஒரு நிலைமை சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவில் இருக்கிறது. ஜீவனாம்ச டிக்ரியை நிறைவேற்றுவதற்காகச் சம்பளத்தை ஜப்தி செய்யும்போது மூன்றில் ஒரு பங்கை மட்டுமே சம்பளக்காரனுக்கு விட்டுவைத்தால் போதும் என்று, மற்றக் கடன்காரர்களுக்கு இல்லாத சலுகையை அந்தப் பிரிவு மனைவி மக்களுக்கு அளிக்கிறது. ஆனால் அதே பிரிவு, டிக்ரிக்கு உட்பட்டவனுடைய ஆயுளின்மீதான இன்ஷூரன்ஸ் பாலிசிப் பணம் முழுவதையும் ஜப்தியிலிருந்து விலக்கிவைக்கிறது. ஜீவனாம்சத்துக்கென்று அங்கே விதிவிலக்கு இல்லை. பிராவிடண்டு பண்டும் அவ்வாறே வேறு சட்டத்தால் காக்கப்பட்டிருக்கிறது. கடன்காரர்களிடமிருந்து ஒரு குடும்பத்தின் கடைசி ஆதாரத்தைக் காப்பாற்றுவதற்காக ஏற்பட்ட இந்தப் பாதுகாப்பு, குடும்பம் இரண்டாகப் பிரிந்த இடத்தில், முதல் மனைவிக்கும் அவள் பெற்ற குழந்தைகளுக்கும் எதிராகவே நிற்கிறது. அவன் பல வருஷம் பிரீமியம் கட்டிய பாலிசியில் நாமினி என்று எழுதப்பட்ட பெயர் தாயுடையதாகவோ இரண்டாவது மனைவியுடையதாகவோ இருந்தால், பணம் அங்கே போய்ச் சேரும். ஐந்து வயதுப் பெண்குழந்தையை வைத்துக்கொண்டு வாரண்டு மனு எழுதிக்கொண்டிருந்தவள் வெறுங்கையோடு நிற்பாள்.

இதற்குப் பரிகாரமாக அயல்நாட்டிலிருந்து எதையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. அது நம் சட்டப் புத்தகத்திலேயே நூற்றைம்பது வருஷமாக இருக்கிறது. 1874-ஆம் வருஷத்து விவாகமான ஸ்திரீகளின் சொத்துச் சட்டத்தின் 6-ஆவது பிரிவின்படி, விவாகமான ஒருவன் தன் மனைவிக்காகவோ குழந்தைகளுக்காகவோ என்று முகப்பிலேயே குறிப்பிட்டுத் தன் ஆயுளின்மீது பாலிசி எடுத்தால், அந்தப் பணம் அவர்களுக்கான டிரஸ்டாகிவிடுகிறது; அவர்களுடைய உரிமை நிலைத்திருக்கும் வரையில் அவனுக்கு அதன்மீது ஆதிக்கமில்லை, அவனுடைய கடன்காரர்களும் அதைத் தொடமுடியாது, அவன் மரணத்துக்குப்பின் அது அவனுடைய எஸ்டேட்டிலும் சேராது. நாமினியின் பெயரை ஒரு படிவம் எழுதி மாற்றுவதைப்போல இதை மாற்றிவிட முடியாது. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இந்தப் பிரிவு செல்லுமா என்ற சந்தேகம் எழுந்தபோது அதை முதலில் தீர்த்த பெருமையும் நம் சென்னை ராஜதானிக்கே உரியது. மற்ற இடங்களில் 1923 ஏப்ரலுக்குப் பின் எடுத்த பாலிசிகளுக்கே இது செல்லும் என்றிருக்க, சென்னையில் மட்டும் 1913 டிசம்பர் முடிவுக்குப் பின் எடுத்த பாலிசிகளுக்கும் செல்லும் என்று சட்டமே இன்றும் சொல்லுகிறது. 1949-இல் இருதார மணத்தைத் தடுத்து, விவாகரத்துக்கும் வழிசெய்து, மத்திய அரசின் சட்டத்துக்கு ஆறு வருஷம் முன்னதாகவே தனிச் சட்டம் இயற்றியதும் இதே சென்னை மாகாணம்தான். முன்கை எடுத்துப் பழகிய ராஜ்யம் இந்த விஷயத்திலும் முன்கை எடுக்கட்டும்.

விவாகரத்து ஆகாமல் பிரிந்து வாழும் தம்பதிகளின் விஷயத்தில் இந்த 6-ஆவது பிரிவை இன்றைக்கே உபயோகிக்கலாம். அவள் இன்னும் மனைவிதானே. ஜீவனாம்சத்துக்கான 144-ஆவது பிரிவின்கீழ் வருகிற வழக்குகளில் கணிசமானவை இப்படிப்பட்டவையே. விவாகரத்துக்குப்பின் அவள் மனைவி என்ற சொல்லுக்குள் அடங்கமாட்டாள் என்பதுதான் இடர்ப்பாடு. பாலிசியை அவள் பெயருக்கு மாற்றி எழுதிக்கொடுக்க 1938-ஆம் வருஷத்து இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 38-ஆவது பிரிவு இடங்கொடுக்கிறது என்றாலும், அது கணவன் மனமிரங்கிச் செய்யவேண்டிய காரியமாகவே இருக்கிறது. ஈழத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போன நம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், குடும்பச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, ஆயுள் இன்ஷூரன்ஸ் வைத்திருப்பவர் மற்றத் துணையையோ குழந்தையையோ மாற்றமுடியாத பயனாளியாக எழுதவேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு வெளிப்படையாகத் தந்திருக்கிறது; நியூயார்க்கிலும் அத்தகைய சட்டம் உண்டு. டொராண்டோவில் விவாகரத்துப் பெறும் ஒரு தமிழ்ப் பெண்ணுக்குச் சட்டம் தருகிற இந்தப் பாதுகாப்பு ஏரலில் இருக்கும் பெண்ணுக்கு ஏன் கிடைக்கக்கூடாது?

செலவைப் பற்றிப் பேசுவோம். ஐந்து வயதுக் குழந்தைக்கு மாதம் 6000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அது 18 வயது அடையும் வரையில் கொடுக்கவேண்டிய தொகை 9,36,000 ரூபாய். ஒவ்வொரு வருஷமும் இந்தப் பொறுப்பு 72,000 ரூபாய் வீதம் குறைந்துகொண்டே போகும். சேமிப்பு எதுவும் கலவாத, மரணத்துக்கு மட்டுமான டெர்ம் பாலிசியில் இந்த அளவு தொகைக்கு ஒரு நடுவயதுக்காரன் கட்டவேண்டிய பிரீமியம் ஜீவனாம்சத்தில் ஒரு சிறு பகுதியே. தனிநபர் ஆயுள் பாலிசிகளின்மீது இருந்த 18 சதவிகித ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கிவிட்டது. கூலிக்காரனுடைய விஷயத்தில்கூட இது அசாத்தியமல்ல. பிரதம மந்திரியின் ஜீவன் ஜோதி திட்டத்தில் 18 முதல் 50 வயது வரை உள்ளவர்கள் பாங்கிக் கணக்கிலிருந்து வருஷத்துக்கு 436 ரூபாய் கட்டினால் எந்தக் காரணத்தால் மரணம் நேர்ந்தாலும் இரண்டு லட்ச ரூபாய் கிடைக்கிறது; சுரட்சா திட்டத்தில் 20 ரூபாய் கட்டினால் விபத்தில் இறந்தாலோ முற்றிலும் ஊனமுற்றாலோ இன்னும் இரண்டு லட்சம். இந்த 456 ரூபாயைக் கட்டி, குழந்தையின் பெயரை நாமினியாக எழுதி, கோர்ட்டின் அனுமதியில்லாமல் அதை மாற்றமாட்டேன் என்று உறுதிமொழி கொடு என்று ஒரு மாஜிஸ்திரேட்டு உத்தரவிடுவதை எவரும் கொடுமை என்று சொல்லமுடியாது.

கணவனுடைய மரணத்தை வைத்து ஏற்பாடு செய்வது அமங்கலம் என்று நம் பக்கத்தில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். வீடு கட்டக் கடன் கொடுக்கிற பாங்கி, கடனாளியின் ஆயுளின்மீது பாலிசி எடுக்கும்படி வற்புறுத்துவதை நாம் பிரத்தியட்சமாகக் காண்கிறோம். அப்பொழுது அமங்கலம் என்று எவரும் சொல்வதில்லை. செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் கொடுத்த பணத்துக்கு உள்ள பாதுகாப்பு, குழந்தையின் சாப்பாட்டுக்கும் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் இருக்கலாகாதா? பிரீமியத்தை அவன் கட்டாமல் விட்டு பாலிசி காலாவதியாகிவிடுமே என்பது கவனிக்கத்தக்க ஆட்சேபம். பிரீமியத் தொகையையும் ஜீவனாம்சக் கணக்கில் சேர்த்து, அதைக் கட்டும் உரிமையைப் பெண்ணிடமே ஒப்படைத்துவிடுவதுதான் அதற்குச் சரியான சமாதானம். டிரஸ்டியையும் பாலிசி எடுக்கும்போதே பெயர் குறிப்பிட்டு நியமித்துவிட வேண்டும். இல்லையேல் பணம் ராஜ்யத்தின் அதிகாரபூர்வ டிரஸ்டியிடம் போய்ச் சேர, அவளுக்கு அலைச்சல் மிஞ்சும். நோயாளியாகவோ வயோதிகனாகவோ இருப்பவனை எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியும் ஏற்காது. அங்கே சொத்தின்மீது பாரமோ, பாங்கியில் டெபாசிட்டோதான் வழி.

இன்ஷூரன்ஸால் தீராத துன்பம் ஒன்று உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பணமிருந்தும் வேண்டுமென்றே கொடுக்காதவனுடைய பிடிவாதத்துக்கு எந்தக் கம்பெனியும் ஈடு தராது. அதற்கு ஜெர்மனியில் 1980 முதல் நடந்துவரும் முறையைப் போல, குழந்தைக்குச் சேரவேண்டியதை அரசாங்கமே முன்பணமாகக் கொடுத்துவிட்டு, பின்னர் தகப்பனிடம் வசூலித்துக்கொள்வதுதான் உண்மையான பரிகாரம். கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு உதவித்தொகை வழங்கிவரும் தமிழ்நாடு அரசு, அந்தத் திட்டத்தை இந்தத் திசையில் விரித்துக்கொண்டு போவது அதன் சக்திக்கு அப்பாற்பட்டதல்ல.

பார்லிமெண்டு செய்யவேண்டியவை தெளிவானவை. இந்து விவாகச் சட்டத்தின் 25-ஆவது பிரிவில் ஸ்தாவர சொத்து என்பதோடு ஆயுள் பாலிசியையும் சேர்க்கவேண்டும். மற்ற மதத்தினருக்கான விவாகச் சட்டங்களிலும், எல்லா மதத்துப் பெண்களும் நாடுகிற 144-ஆவது பிரிவிலும் அவ்வாறே செய்யவேண்டும். 1874-ஆம் வருஷத்துச் சட்டத்தில் ஜீவனாம்சம் பெறும் விவாகரத்தான மனைவியையும் உட்படுத்தவேண்டும். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு சம்பள விஷயத்தில் காட்டிய தாட்சண்யத்தைப் பாலிசிப் பணத்திலும் காட்டவேண்டும்.

சட்டம் திருந்தும் வரையில் காத்திருக்க வேண்டிய அவசியமில்லாத காரியம் ஒன்று இருக்கிறது. பரஸ்பர சம்மதத்தின்பேரில் விவாகரத்துக் கோரும் மனுக்களிலும், சமரச மையங்களில் எழுதப்படும் ஒப்பந்தங்களிலும், தரப்பார் சம்மதித்தால் எந்த நியாயமான ஷரத்தையும் சேர்க்கலாம். ஸ்ரீவைகுண்டத்திலும் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் குடும்ப வழக்குகளை நடத்துகிற வக்கீல்களை நாம் வேண்டிக்கொள்வது இதுவே: அடுத்த சமரச மெமோவில் மாதத் தொகையையும் பணம் போடும் தேதியையும் எழுதி முடித்தபின், ஆயுள் பாலிசியின் தொகை, பயனாளியின் பெயர், டிரஸ்டியின் பெயர், பிரீமியம் கட்டவேண்டியவர் யார் என்ற நான்கு விவரங்களையும் எழுதிச் சேர்த்த பிறகே உங்கள் கட்சிக்காரரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.