வாசனை தூக்குதா? உஷார்!

கயத்தாறு பக்கம் அந்தக் காலத்தில் நீச்சல் என்றால் கிணறுதான். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி மாமா பிடித்துத் தள்ளுவார். கோச்சிங் முடிந்தது! இப்போது பைக்கில் திருநெல்வேலி போய், டிக்கெட் வாங்கி நீலத் தண்ணீரில் குதிக்கிறோம். மறுநாள் ஆபீஸில் ஒரு கை கீபோர்டில், இன்னொரு கை முதுகில். சொறி, சொறி!

‘குளோரின் வாசனை தூக்குதுல்ல, சுத்தமான தண்ணிதான்’ என்பார் கூட வந்தவர். விஷயமே தலைகீழ் சார்! ஒழுங்கான குளத்தில் வாசனை லேசாகத்தான் இருக்கும். குளோரினோடு நம் வியர்வையும், (மன்னிக்கவும்) சிறுநீரும் சேர்ந்தால் குளோரமைன் உண்டாகும். மூக்கைத் துளைப்பது அதுதான். கண் சிவப்பதும் தோல் அரிப்பதும் அதன் கைங்கரியம்தான்.

அரிப்போடு போனால் புண்ணியம். 2024 மே முதல் ஜூலைக்குள் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சலுக்கு மூன்று பிள்ளைகள் பலி. அதில் ஒருவர் பள்ளிச் சுற்றுலாவில் நீச்சல் குளத்தில் குளித்தவர். மூக்கு வழியாக மூளைக்கு ஏறும் கிருமி அது. தண்ணீரில் குளோரின் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் காவல்.

ஆகவே, டிக்கெட் கொடுப்பவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: ‘இன்னிக்கு குளோரின் பார்த்தீங்களா? பி.ஹெச். 7.2-க்கும் 7.8-க்கும் நடுவிலே இருக்கா?’ முறைத்தால் அப்படியே பைக்கைத் திருப்புங்கள். இறங்குமுன் நீங்களும் ஒரு குளியல் போட்டுவிடுங்கள்.

கடைசியாக, குனிந்து குளத்தின் தரையைப் பாருங்கள். தெரியவில்லையா? இறங்காதீர்கள். தரை தெரியாத குளத்தில், மூழ்குகிறவனும் தெரிய மாட்டான்.